அக்காவின் கூடையில் எங்கள் கொழுந்து

என் அக்காவின் வயிற்றில் பூச்சி இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் செத்து இத்தனை வருடம் ஆன பிறகும் எங்கள் தோட்டத்தில் யாராவது அவள் பேச்சை எடுத்தால், "பாவம், பூச்சி உழுந்து, சோகை புடிச்சுச் செத்தா" என்றுதான் சொல்கிறார்கள். அப்படிச் சொன்னவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். அக்காவுக்குக் கெட்டுப்போனது கிட்னி. கிட்னி கெட்டதால் ரத்தம் ஊறவில்லை. ரத்தம் இல்லாததால் நெஞ்சு கெட்டது. கண்டியில் ஒரு டாக்டர் இதை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அதுவரைக்கும் எங்களை உட்காரவைத்து ஒரு வார்த்தை சொன்னவர்கள் யாரும் இல்லை.

ராகலையிலிருந்து உடப்புசல்லாவைக்குப் போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். நான் சொல்வது ஐம்பதுகளின் கடைசி. அக்காவும் நானும் ஒரே மலையில், பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தோம். அக்கா புருசனான மச்சானுக்குத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டதால் நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். லயத்து வரிசையில் எங்களுக்கு ஒரே காம்பிரா, ஒரு அறை. அதற்குள் மூன்று பேர்.

அக்கா வேலைக்காரி. இரண்டு கையாலும் கொழுந்தைக் கிள்ளித் தோளுக்கு மேலே வீசினால் கூடைக்குள் விழுகிற சத்தம் மழை மாதிரிக் கேட்கும். வாய் மட்டும் திறக்க மாட்டாள். எனக்கு நேர் எதிர். நான் கங்காணியோடு தினமும் மல்லுக்கு நிற்பேன். அவள் குனிந்த தலை நிமிராமல், தனக்கும் எனக்குமாகச் சேர்த்து எடுத்துக்கொண்டு போவாள்.

கல்யாணமான புதிதில் அவளுக்கு ஒரு பிள்ளை உண்டானது. ஏழாம் மாதத்தில் கால், கை, முகமெல்லாம் வீங்கி, பிள்ளை செத்துப் பிறந்தது. அதற்குப் பிறகு சில வருடம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒருநாள் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற வழியில் குத்துக்கல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். மறுநாளும் எடுத்தாள். தீட்டும் நின்றிருந்தது. பழைய மாதிரி முகம் லேசாக உப்பியிருந்தது.

எங்களுக்கு அந்தப் பக்கத்து நிரையில் ஒரு அத்தை இருந்தாள். சொந்த அத்தை இல்லை. மலையில் எல்லாருக்கும் அவள் அத்தைதான். வாய் கொஞ்சம் மோசம்.

"ஏண்டி, ஒங்கக்கா மூஞ்சியப் பாரு. ஆப்பம் மாதிரி உப்பியிருக்கு. இந்தத் தடவ ஆம்பளப் புள்ளதான்" என்றாள்.

அக்கா சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்து வருடக்கணக்கு ஆகியிருந்தது.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைத்தாச்சி நிரையில் நின்றால் பக்கத்தில் எடுக்கிற பெண்கள் போகிற போக்கில் அவள் கூடையில் ஒரு கை கொழுந்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. கங்காணி அந்தப் பக்கம் திரும்பும்போது ஒரு கை. நிறுக்கிற இடத்துக்கு இறங்கும்போது இன்னொரு கை. கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர் போடுவார்கள். அரை நாள் வேலை செய்ததாகத்தான் கணக்கு. கூலியைவிட, எல்லார் காதிலும் விழ "அரைப்பேரு!" என்று கங்காணி கத்துவானே, அதுதான் கொடுமை. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு அந்தப் பேச்சு வரக்கூடாது என்று எல்லாரும் போடுவோம். அக்காவுக்கும் போட ஆரம்பித்தோம்.

வயிறு வளரவில்லை. மாதங்கள் போயின. வாந்தி மட்டும் நிற்கவில்லை. அக்காவும் ஒருநாள், "இது புள்ள இல்லடி" என்று சொல்லிவிட்டு அடுப்பு ஊதப் போய்விட்டாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அவள் கூடையில் கொழுந்து போடுவதை நாங்கள் நிறுத்தவில்லை. அவளால் எடுக்க முடியவில்லை என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் வெளுத்துக்கொண்டே வந்தாள். முதலில் உதடு, பிறகு உள்ளங்கை. நகத்தைப் பார்த்தால் மெழுகு மாதிரி இருந்தது. முன்பு ஒரே மூச்சில் ஏறுகிற மலையில் நாலு தேயிலைச் செடிக்கு ஒருதரம் நின்றாள். நிற்கும்போது அவள் கழுத்தில் நரம்பு துடிப்பது எனக்குத் தெரியும். "காதுக்குள்ள தேயில ஸ்டோர் மெசினு ஓடுற மாதிரி இருக்குடி" என்பாள். எப்போதும் குளிர் என்பாள். வெயில் நாளிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மேலே படங்குச் சாக்கையும் கட்டிக்கொண்டு மலைக்கு வந்தாள். உடம்பெல்லாம் அரிப்பு. சோற்றில் கை வைத்தால் வாயில் இரும்பை வைத்த மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளுவாள். ஒருநாள் செடிக்கு மேலே வைத்து மட்டம் பார்க்கிற மட்டக்கம்பைக் கையில் வைத்துக்கொண்டே, "என் மட்டக்கம்பு எங்கடி?" என்று தேடினாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

தோட்டத்து மருந்துச்சாலையில் ஒருவர் இருந்தார். டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிட வேண்டும். அவரிடம் அழைத்துப் போனேன். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். கை வைத்தது அந்த ஒரு இடத்தில்தான்.

"பூச்சி."

"கால் வீங்குதுங்க ஐயா. ஒண்ணுக்குப் போனா நொரை நொரையாப் போகுதுன்னு சொல்றா."

"பூச்சின்னா எல்லாந்தான் வரும். செருப்பில்லாம மண்ணுல திரியிறீங்க, வேற என்னா வரும்?"

அவர் முன்னாலேயே நின்று பூச்சி மருந்தைக் குடிக்க வேண்டும். பிறகு பேதி உப்பு. அக்கா அன்றைக்கு எத்தனை தடவை வெளியே போனாள் என்று தெரியாது. சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து விழுந்தாள். பிறகு இரும்பு மருந்து, போத்தல் போத்தலாக. பல் கறுத்ததே தவிர உதடு சிவக்கவில்லை. மாதம் கழித்துத் திரும்பவும் பூச்சி மருந்து. தோட்டத்தில் முக்கால்வாசிப் பேர் பூச்சியால்தான் வெளுத்திருந்தார்கள். அது உண்மை. அதனால் வெளுத்து வருகிற எல்லாருக்கும் அவரிடம் ஒரே மருந்து.

நாங்களும் எங்களுக்குத் தெரிந்ததைச் செய்தோம். மச்சான் ராகலைச் சந்தைக்குப் போய் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் வாங்கி வந்தார். நல்ல ரத்தம் ஊறும் என்று உப்பும் மிளகும் தூக்கலாகப் போட்டு வறுத்துக் கொடுத்தோம். வாய்க்கு ருசி வேண்டும் என்று கருவாடு சுட்டுக் கொடுத்தோம். அந்த உப்புதான் அவள் உடம்பில் தண்ணீரைக் கட்டி நிறுத்துகிறது என்று எந்த நாய் எங்களுக்குச் சொன்னது?

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக டாக்டர் ஐயாவின் சீட்டு வேண்டும். சீட்டு இருந்தால்தான் தோட்டத்து லொறியில் ஏற்றுவார்கள். சீட்டு இல்லாமல் வேலையை விட்டுப் போனவர்களைக் காம்பிராவைக் காலி பண்ணச் சொன்னதை நாங்கள் பார்த்திருக்கிறோம். எங்களுக்கு ஓட்டும் இல்லை, நாடும் இல்லை என்று சர்க்கார் ஆக்கிவைத்திருந்த காலம். காம்பிராவும் போனால் ரோட்டில்தான் நிற்க வேண்டும். அதனால் சீட்டுக் கேட்டேன்.

"முழுப்பேரு போடுறவளுக்கு என்னா நோயி?" என்று கேட்டார் டாக்டர் ஐயா. "கங்காணியக் கேட்டேன். ஒருநாள்கூட கொழுந்து கொறஞ்சதில்லையாம். இம்புட்டுக் கொழுந்து எடுக்கிறவள ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா தொரை என்னையத்தான் கேப்பாரு."

அது அவள் எடுத்த கொழுந்து இல்லை, நாங்கள் போட்டது என்று சொன்னால் மலையில் உள்ள எல்லாரும் மாட்டுவார்கள். வாயை மூடிக்கொண்டு வந்தேன். நான் வாயை மூடிய நாட்கள் குறைவு.

கடைசியில் சீட்டு தானாக வந்தது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் அக்கா கூடையோடு விழுந்தாள். துரை அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். விழுந்தவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கணக்குப்பிள்ளையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அரை மணியில் லொறி வந்தது. டாக்டர் ஐயாவே மேலே ஓடி வந்து சீட்டை மச்சானிடம் கொடுத்தார்.

நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர், இளவயசு. அவர்தான் அக்காவின் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் வாங்கிச் சூடாக்கிப் பார்த்தார். முதன்முதலாகப் பார்த்தவர் அவர்தான். பிறகு என்னையும் மச்சானையும் வெளியே கூப்பிட்டார்.

"உங்கட அக்காவுக்குக் கிட்னி ரெண்டும் பழுதாப் போச்சுது. கிட்னி பழுதானா ரத்தம் ஊறாது. எத்தனை போத்தல் இரும்பு மருந்து குடிச்சாலும் ஊறாது. ரத்தம் காணாததால நெஞ்சு ரெண்டு மடங்கு வேலை செய்யுது. அது களைச்சுப் போகும்."

"சொகமாகுங்களா?" என்று மச்சான் கேட்டார்.

"கிட்னிக்கு என்னட்ட மருந்து இல்லை. ரத்தம் ஏத்தலாம். ஏத்தினா கொஞ்சக் காலம் நல்லா இருப்பா. திரும்ப வெளுக்கத் தொடங்கினா ஒரு நாளும் மினக்கெடாமல் கொண்டு வாங்கோ. உப்புக் குடுக்காதேங்கோ" என்றார்.

மச்சான் ரத்தம் சேரவில்லை. என் ரத்தம் சேர்ந்தது. என் கையிலிருந்து போத்தலில் எடுத்து அவள் கையில் ஏற்றினார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சொட்டுச் சொட்டாக இறங்கியது. அடுத்த நாள் அவள் காது மடலில் சிவப்பு வந்தது. அதற்கடுத்த நாள், "பசிக்குதுடி" என்றாள். எனக்கு அழுகை வந்தது. நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

லயத்துக்குத் திரும்பி வந்த அக்கா வேறு ஆள். மலையில் நிற்காமல் ஏறினாள். தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து முடி காயவைத்தாள். உப்பில்லாத ரொட்டியை முகம் சுளிக்காமல் தின்றாள். கல்யாணமான இத்தனை காலத்தில் முதல் தடவையாக மச்சானோடு சண்டை போட்டாள். அடுப்புக்குப் பச்சை விறகு கொண்டுவந்தார் என்று.

அத்தை மலையில் வைத்து எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "தங்கச்சி ரத்தம் போனாலும் போச்சு, இவளுக்கும் வாயி நீண்டுபோச்சுடியோ! இன்னொரு போத்தல் ஏத்தியிருந்தா கங்காணிய அடிச்சிருப்பா!"

"அத்தே, சும்மா இருங்க. ஒங்களுக்குத்தான் ஒரு போத்தல் எடுக்கணும். எடுத்தாலாச்சும் வாயி கொறையுமான்னு பாக்கலாம்" என்றாள் அக்கா. மலையே சிரித்தது. அக்கா அப்படிப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. அவள் கொழுந்தை அவளே எடுத்தாள். எங்கள் கை சும்மா இருந்தது.

அந்த நல்ல காலம் இரண்டு மாதம்கூட இல்லை.

முதலில் கவனித்தவள் நான்தான். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாவு ஒட்டிய விரலும் உள்ளங்கையும் ஒரே நிறத்தில் இருந்தன. மலையில் நின்று நின்று ஏறினாள். நான் அன்றைக்கே மருந்துச்சாலைக்கு ஓடினேன். கண்டி டாக்டர் உடனே வரச்சொன்னதைச் சொன்னேன்.

"ரத்தம் ஏத்தி அனுப்பினாங்கல்ல? அதுக்குள்ள எங்க போச்சு? குடிச்சிட்டாளா?" என்றார் டாக்டர் ஐயா. "இப்பவும் முழுப்பேருதான போடுறா?"

ஆமாம், முழுப்பேர்தான். ஏனென்றால் அவள் ஏற முடியாமல் நின்ற அன்றே பெண்கள் எல்லாரும் பழையபடி அவள் கூடையில் கொழுந்து போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் மலைக்கு வந்து கத்தினேன். "நீங்க போடுற கொழுந்தக் காட்டித்தான் அவன் சீட்டு இல்லைங்கிறான்!"

எல்லாரும் கையில் கொழுந்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். அத்தைதான் பேசினாள். "அப்பன்னா போடல. கூடை காலியா இருக்கட்டும். அரைப்பேரு விழட்டும். அப்பவாச்சும் அவன் கண்ணு தெறக்குதான்னு பாப்போம்." பிறகு அக்காவிடம் போய், "என்னா ஆத்தா, சரியா? ஒன்மேல கோவமில்ல. சீட்டுக்காகத்தான்" என்றாள். அக்கா தலையை ஆட்டினாள்.

சொன்னபடி செய்தோம். அவள் நிரையைத் தாண்டும்போது கை தானாக அவள் கூடைப் பக்கம் போகும். இழுத்துக்கொள்வோம். ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலம் நிறுத்தார்கள். கங்காணி சத்தமாகச் சொன்னான், "அரைப்பேரு!"

அக்கா சின்னப் பெண்ணாகப் பேர் பதிந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை வாங்கியதில்லை. அவள் தெரிந்துதான் ஒத்துக்கொண்டாள். இருந்தாலும் அதைக் கேட்டதும் காலிக்கூடையை எடுத்து முன்பக்கம் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். எதையோ மறைக்கிற மாதிரி. லயத்துக்கு வரும் வழியில், "எல்லாரும் சேந்துதான செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. ஒனக்காகத்தான்."

"தெரியும்டி" என்றாள். பிறகு லயத்து வாசலில் கூடையை இறக்கும்போது, "தெரியும். ஆனாலும் ஒருத்தி கை தவறியாச்சும் கொழுந்து விழுமான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

அந்த வாரம் முழுக்க அரைப்பேர். நான் அதை எடுத்துக்கொண்டு டாக்டர் ஐயாவிடம் போனேன்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துத் தின்னு ருசி கண்டுட்டா. அதான் வேலை ஓடல. சோம்பேறித்தனத்துக்கு நான் சீட்டுக் கொடுக்கிறதில்ல."

கூடை நிறைந்திருந்தால் நோய் இல்லை. காலியாக இருந்தால் சோம்பேறி. அந்த ஆள் செத்தபோது தோட்டமே போய் மாலை போட்டது. நான் போகவில்லை.

அதற்குப் பிறகு அக்காவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தபடிதான் தூங்கினாள். கால் வீக்கம் முழங்காலைத் தாண்டிவிட்டது. அப்படியும் மலைக்கு வந்தாள். "வீட்டுல உக்காந்தா நெசமாவே சோம்பேறின்னு ஆயிரும்" என்றாள். ஒருநாள் உச்சிவெயிலில் நிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாய் திறந்திருந்தது. மூச்சு இழுக்கும்போது தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. உதடு நீலம்.

அத்தை தன் கூடையை இறக்கிவைத்தாள். "கம்பளியக் கழட்டுங்கடி" என்றாள்.

கம்பளியின் இரண்டு முனையையும் ஒரு சவுக்குக் கம்பில் கட்டினோம். மச்சான் தூரத்து மலையில் கவ்வாத்தில் நின்றார். அவருக்கு ஒருத்தியை அனுப்பிவிட்டு, பெண்களே தூக்கினோம். கங்காணி ஓடி வந்தான்.

"ஏய், எங்க போறீங்க? கொழுந்து யாரு எடுக்கிறது? அரைப்பேரு போடுவேன்!"

"போடுங்க கங்காணி ஐயா" என்றாள் அத்தை. "எல்லாருக்கும் போடுங்க. சத்தமாச் சொல்லிப் போடுங்க. நாங்க வந்து கேட்டுக்கிறோம்."

மலையில் கூடைகள் மட்டும் நின்றன. மாறி மாறித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினோம். கம்பளிக்குள் இருந்து அக்கா என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். மச்சான் வந்து சேர்ந்ததும் மரக்கறி ஏற்றிக்கொண்டு போன ஒரு லொறியை மறித்தோம். சிங்கள டிரைவர். அவள் முகத்தை ஒருதரம் பார்த்தான். எங்களிடம் ஒன்றும் கேட்காமல் முட்டைக்கோவா மூட்டைகளைத் தள்ளி இடம் பண்ணினான். கண்டிவரைக்கும் கொண்டுபோய் விட்டான்.

அதே டாக்டர்தான். நான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். "என் ரத்தம் சேரும்ங்க. போன தடவையும் என்னுதுதான். எவ்வளவு வேணும்னாலும் எடுங்க."

அவர் அக்கா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். முதுகில் கேட்டார். பிறகு என் சட்டைக் கையை அவரே கீழே இறக்கிவிட்டார்.

"இப்ப ஏத்த ஏலாது அம்மா. நெஞ்சு வீங்கிப் போச்சுது. நுரையீரலில தண்ணி. இதுக்கு மேல ரத்தத்தையும் விட்டா அதுவே மூச்ச நிப்பாட்டிப் போடும். வெளுக்கத் தொடங்கினவுடன வந்திருந்தா இன்னொருக்கா ஏத்தியிருக்கலாம். ஏன் இவ்வளவு நாள் பிந்தினீங்கள்?"

சீட்டு, பேர், கொழுந்து, இதையெல்லாம் அவருக்கு எப்படிச் சொல்வது? என் உடம்பு முழுக்க ரத்தம் இருந்தது. அவளுக்குச் சேருகிற ரத்தம். அதை வைத்துக்கொண்டு அவள் கட்டில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். விடிந்து வார்டில் தேத்தண்ணி கொண்டுவந்த நேரம் அவள் போனாள். கடைசியாக, "இன்னைக்கு நம்ம நெரையில யாருடி?" என்று கேட்டாள். "நான்தான்க்கா" என்றேன்.

அவளைக் கண்டியிலேயே புதைத்தோம். மலைக்குக் கொண்டுவர எங்களுக்கு வழியில்லை.

அவளுக்கு நாங்கள் கொழுந்து போட்டதால்தான் நோய் வெளியே தெரியாமல் போனது என்று பிற்பாடு சிலபேர் சொன்னார்கள். சொல்லட்டும். இயலாதவள் கூடையில் ஒரு கை கொழுந்து போட்டது தப்பு என்று நான் செத்தாலும் சொல்ல மாட்டேன். கூடையைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு ஆளைப் பார்க்கத் தெரியவில்லை. தப்பு அங்கே இருக்கிறது.

நான் திரும்ப மலைக்குப் போன அன்று அக்காவின் நிரை யாருக்கும் பிரித்துக் கொடுக்காமல் சும்மா கிடந்தது. கொழுந்து முற்றியிருந்தது. அத்தை எனக்கு முன்னால் எடுத்துக்கொண்டு போனாள். ஓரிடத்தில் அவள் கை பக்கவாட்டில் நீண்டு, ஒரு கை கொழுந்தை அந்த நிரைப் பக்கம் போட்டது. கொழுந்து மண்ணில் விழுந்தது.

கங்காணி பார்த்துவிட்டான். "கொழுந்தக் கீழ போடுறியே, கண்ணு தெரியலையா?"

எப்போதும் அவனுக்குப் பத்து வார்த்தை திருப்பிக் கொடுக்கிறவள் அத்தை. அன்றைக்கு அவள் குனிந்து அந்தக் கொழுந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண்ணை ஊதிவிட்டு, என் கூடையில் போட்டாள்.